"நீ யாரு வீட்டுப் பொண்ணு?": சின்ன ஊரில் வாழ்வது என்றால் என்ன?

*(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல், வாசிப்பதற்கு வசதியாகச் சற்றே தொகுக்கப்பட்டுள்ளது.)*

இன்னைக்கு ஒரு டீக்கடையில இருந்து ஆரம்பிக்கலாம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் புதுக்கோட்டை. சென்னையில ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலையில இறங்கி, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்னு நின்னேன். டீ ஆத்திக்கிட்டு இருந்த பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார். திரும்ப ஒரு தடவை பார்த்தார். "ஏம்மா, நீ நாலாம் வீதி டீச்சர் பொண்ணுதானே? அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?"

எனக்கு அவர் பேர் தெரியாது. ஆனா அவருக்கு எங்க அப்பாவோட முட்டி வரைக்கும் தெரியும்.

சென்னையில நான் இருக்கிற அபார்ட்மென்ட்ல நாலு வருஷமா எதிர் வீட்டுக்காரரோட லிஃப்ட்ல ஏறி இறங்குறேன். அவர் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவருக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அதுல ஒரு குறையும் இல்லை.

இந்த ரெண்டு வாழ்க்கைக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். "சின்ன ஊர்னா நிம்மதி, நல்ல காத்து, நல்ல மனுஷங்க"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். "அய்யோ, அங்க எப்படி இருக்கிறது, ஊர் வாய் சும்மா இருக்குமா"ன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். ரெண்டுமே உண்மைதான். ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வருதுங்கிறதுதான் நான் சொல்ல நினைக்கிறது.

எது சின்ன ஊர்?

முதல்ல ஒரு சின்னச் சிக்கல். 2024-ல தமிழ்நாடு அரசு நாலு நகராட்சிகளை மாநகராட்சியா உயர்த்துச்சு. திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, அப்புறம் எங்க ஊர். ஆக, சட்டப்படி நான் இப்போ ஒரு மாநகரத்துக்காரி! ஊர்ல இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. "போர்டு பெருசாச்சு, ஊரு அதேதான்"னு எங்க சித்தப்பா சொன்னார்.

2011 கணக்கெடுப்புப்படி புதுக்கோட்டை நகரத்தோட மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. மாவட்டம் முழுக்கச் சேர்த்தா 16 லட்சம். அதுல நூத்துக்கு எண்பது பேர் கிராமத்துல இருக்காங்க. அப்போ இந்த நகரம் யாருக்காக இருக்குன்னு பார்த்தா, பாதி நேரம் தனக்காக இல்லை. அன்னவாசல், ஆலங்குடி, கறம்பக்குடி, திருமயம், கீரனூர்னு சுத்தி இருக்கிற ஊர்கள்ல இருந்து காலையில பஸ் ஏறி வந்து, ஆபீஸ் வேலை, ஆஸ்பத்திரி, துணிக்கடை, நகைக்கடை எல்லாம் முடிச்சு, சாயங்காலம் திரும்பிப் போறவங்களுக்காக. அதனாலதான் ஒன்பது மணிக்குக் கூட்டம் தாங்காது. ராத்திரி பத்து மணிக்கு ராஜ வீதியில நாய்தான் நடக்கும்.

ஆனா மக்கள்தொகையை வெச்சு மட்டும் சின்ன ஊரைச் சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன். என் கணக்கு வேற. "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"ங்கிற கேள்விக்கு எங்க ஒரு வரியில பதில் சொல்லி முடிக்க முடியுதோ, அது சின்ன ஊர். சென்னையில அந்தக் கேள்வியையே யாரும் கேட்க மாட்டாங்க. கேட்டாலும் என் பதிலை வெச்சு அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

தலைநகரமா இருந்த ஊர்

இங்க கொஞ்சம் வரலாறு வேணும். ஏன்னா புதுக்கோட்டை எப்பவும் சின்ன ஊரா இருந்ததில்லை.

தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம் அது. சுத்தி எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா, நடுவுல இது மட்டும் ராஜா ஊர். அதுக்குன்னு தனிக் காசே இருந்துச்சு. அம்மன் காசுன்னு பேர். ஒரு அணாவுல இருபதுல ஒரு பங்கு மதிப்பு. இன்னைக்கும் திருக்கோகர்ணத்துல இருக்கிற மியூசியத்துல பார்க்கலாம். அந்த மியூசியமே 1910-ல ஆரம்பிச்சது.

ஊரோட அமைப்பைப் பார்த்தா இன்னும் சுவாரசியம். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அதுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூணாம் வீதி, நாலாம் வீதின்னு நம்பர் போட்டு, நேர் நேரா போகும். 1878-ல இருந்து 1894 வரைக்கும் நிர்வாகத்தைப் பார்த்த திவான் சேஷய்ய சாஸ்திரி, குளங்களைச் சீர்படுத்தினார், பொதுக் கட்டடங்கள் கட்டினார். இன்னைக்கும் ஊர்ல அவர் பேரைச் சொல்வாங்க.

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோட இணைஞ்சுது. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான். அதோட, தலைநகரமா இருந்த ஊர் திருச்சி மாவட்டத்துல ஒரு பகுதியா ஆயிடுச்சு. கலெக்டரைப் பார்க்கணும்னா ஐம்பது கிலோமீட்டருக்கு மேல பஸ் ஏறித் திருச்சிக்குப் போகணும். 1974 ஜனவரி 14-ல தனி மாவட்டம் ஆகுற வரைக்கும், கிட்டத்தட்ட 26 வருஷம், இதுதான் நிலைமை. மாவட்டம் ஆனதும் ராஜாவோட புது அரண்மனையே கலெக்டர் ஆபீஸ் ஆச்சு. இப்போ திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனுவோட போறவங்க, அரண்மனைக்குள்ளதான் போறாங்க.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, ஒரு ஊர் சின்னதா, பெருசாங்கிறது ஜனத்தொகையை விட, எந்த ஆபீஸ் அங்க இருக்குங்கிறதைப் பொறுத்தது. எதுக்கெல்லாம் நீங்க வேற ஊருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கோ, அந்த அளவுக்கு உங்க ஊர் சின்னது.

தெரிஞ்சவங்க இருக்கிறதோட லாபம்

சரி, இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். எல்லாருக்கும் உங்களைத் தெரியும்ங்கிறதால என்ன கிடைக்குது?

முதல்ல, கடன். மளிகைக் கடையில ஒரு நோட்டு இருக்கும். எங்க வீட்டுக் கணக்கு அதுல ஒரு பக்கம். ஆதார் கார்டு, சம்பளச் சீட்டு, கையெழுத்து ஒண்ணும் வேண்டாம். "டீச்சர் வீடு"ன்னு எழுதியிருக்கும். அம்மாவுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வரும்னு கடைக்காரருக்குத் தெரியும். வங்கி கேட்கிற அத்தனை விவரமும் அவர் மண்டையிலயே இருக்கு.

ரெண்டாவது, ஆபத்துக்கு ஆள். இதுக்கு ஒரு கதை சொல்றேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைன்னு உள்ளே வந்து அடிச்சுது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புங்க அப்படியே சாஞ்சுது. ஒரு தலைமுறை வளர்த்த மரங்க ஒரே ராத்திரியில. கரண்ட் இல்லை, போன் இல்லை. நான் அப்போ சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரெண்டு நாளா வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், சுவிட்ச் ஆஃப். அழுதுக்கிட்டே ஆபீஸ் போனேன்.

மூணாவது நாள் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு கால். "தங்கச்சி, நான் உங்க தெரு முனை ஜெராக்ஸ் கடை அண்ணன் பேசுறேன். திருச்சிக்கு டீசல் வாங்க வந்தேன், இங்க சிக்னல் இருக்கு. அம்மா அப்பா நல்லா இருக்காங்க. மாடியில தகரம் மட்டும் பறந்துருச்சு. வேறொண்ணும் இல்லை."

அப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் கிளம்புறதுக்கு முன்னாடி தெருவுல வீடு வீடா ஏறி, வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க நம்பரையெல்லாம் ஒரு தாள்ல எழுதி வாங்கியிருக்கார். பதினோரு வீடு. திருச்சியில ரோட்டோரமா நின்னு பதினோரு பேருக்கும் போன் பண்ணியிருக்கார். பெங்களூருக்கு, துபாய்க்கு, சிங்கப்பூருக்கு.

இதை எந்த ஆப் செய்யும் சொல்லுங்க? இதைக் கேட்டப்போ, நான் செத்தாலும் இந்த ஊரை விட்டுக் கொடுக்க மாட்டேன்னு நினைச்சேன்.

பட்டியல்ல இல்லாத வீடு

ஆனா அந்தக் கதை அங்க முடியலை.

என்னோட ஸ்கூல்ல படிச்ச தோழி ஒருத்தி. அப்போ கோயம்புத்தூர்ல வேலை. அவ வீடு எங்க தெருவுல இருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். அவளுக்கு வீட்டுல இருந்து தகவல் வந்தது அஞ்சாவது நாள். நான் அந்த அண்ணனைப் பத்திப் பெருமையா சொன்னப்போ, அவ அமைதியா கேட்டா: "எங்க தெருவுக்கு வந்தாராடி?"

வரலை. அவர் கெட்டவர் இல்லை. வேணும்னு விட்டவரும் இல்லை. அவருக்குத் 'தெரிஞ்ச' வீடு பதினொண்ணு, அவ்வளவுதான். அவ வீடு இருக்கிற தெருவை ஊர்ல 'காலனி'ன்னு சொல்வாங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தமிழ்நாட்டுல வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?", "எந்தத் தெரு?". என்கிட்ட இதைக் கேட்டா, பதில் சொன்னதும் ஒரு நாற்காலி வரும், ஒரு காபி வரும். அவ பதில் சொன்னா, எதிர்ல இருக்கிறவங்க முகம் ஒரு நொடி மாறும். வீடு வாடகைக்குக் கேட்கப் போனா, "அது ஏற்கெனவே பேசி முடிச்சாச்சும்மா"ன்னு பதில் வரும். அதே கேள்வி, அதே ஊர்.

இதோட கோரமான முகத்தையும் இதே மாவட்டம் பார்த்திருக்கு. 2022 டிசம்பர்ல, வேங்கைவயல் கிராமத்துல பட்டியலின மக்களுக்குக் குடிதண்ணி போற மேல்நிலைத் தொட்டியில மனித மலம் கலந்திருந்தது தெரியவந்துச்சு. கலெக்டரும் அதிகாரிகளும் நேரா போனப்போ, அந்தப் பகுதி டீக்கடையில இரட்டைக் குவளை இருக்கிறதும், அந்த மக்களைக் கோயிலுக்குள்ள விடாம இருந்ததும் சேர்ந்தே வெளிய வந்துச்சு. இது ஏதோ எங்கேயோ நடந்த பழங்கதை இல்லை. நாம எல்லாம் கையில ஸ்மார்ட்போன் வெச்சுக்கிட்டு இருந்த காலம்.

அதனால, "சின்ன ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்"னு யாராவது சொன்னா, 'எல்லாரும்'னா யார் யார்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

உள்ளே இருக்கிறவங்களுக்கும் இதுக்கு ஒரு விலை உண்டு. காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாப்ல கூடப் படிக்கிற பையன்கிட்ட நோட்ஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அந்தச் செய்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்துச்சு. மெடிக்கல் ஷாப்ல நாப்கின் கேட்டா, கருப்புக் கவர்ல போட்டுக் கொடுக்கிறவர் அப்பாவோட நண்பர். ஆணுறை வாங்கணும், மனநல டாக்டரைப் பார்க்கணும், காதலிக்கிறவங்களோட ஒரு காபி குடிக்கணும்னா? திருச்சி பஸ் ஏறணும். திருச்சியில பெரிய கடை இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்னு சொல்வாங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் திருச்சியில கிடைக்கிற முக்கியமான பொருள், யாருக்கும் நம்மளைத் தெரியாதுங்கிறதுதான்.

பதிலை மாத்தினவங்க

அப்போ ஓடிப் போறதைத் தவிர வேற வழியே இல்லையா? இதே ஊர்ல இருந்து ரெண்டு உதாரணம் சொல்றேன்.

முதல் ஆள் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல புதுக்கோட்டையில பிறந்தவங்க. அப்பா மகாராஜா காலேஜோட முதல்வர். அம்மா தேவதாசி மரபுல வந்தவங்க. "யாரு வீட்டுப் பொண்ணு?"ங்கிற கேள்வி அவங்களை எப்படிக் குத்தியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆண்கள் மட்டும் படிச்ச அந்தக் காலேஜ்ல சேர அவங்க விண்ணப்பிச்சப்போ பெரிய எதிர்ப்பு. கடைசியில மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல டாக்டர் பட்டம், 1927-ல சென்னை மாகாண சட்ட மேலவை, தேவதாசி முறை ஒழிப்புக்கான போராட்டம், 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்னைக்குக் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகைத் திட்டமே அவங்க பேர்லதான் இருக்கு.

ஆனா கவனிங்க. அவங்களுக்குக் கதவு திறக்க ஒரு ராஜா தேவைப்பட்டார். அதுவும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் திறந்துச்சு. ஆயிரக்கணக்கான பேருக்குத் திறக்கணும்னா என்ன வேணும்?

சைக்கிள் வேணும்!

1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சுது. படிக்காதவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற இயக்கம். அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுக்கணும்னு முடிவாச்சு. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு பண்ணினாங்க. விவசாயக் கூலிங்க, குடுமியான்மலை பக்கம் கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்னு ஆயிரக்கணக்கான பேர் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினாங்க. பார் கம்பியில குழந்தையை உட்கார வைக்கலாம்ல! 1992 மகளிர் தினத்துல 1,500-க்கும் மேல பெண்கள் ஹேண்டில்பார்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டுப் புதுக்கோட்டைக்குள்ள ஊர்வலமா வந்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதின கட்டுரை, இந்தி மொழிபெயர்ப்புல என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் பாடமா பல வருஷம் இருந்துச்சு. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தெரியாத புதுக்கோட்டையை வடநாட்டுப் பிள்ளைங்க படிச்சிருக்காங்க.

எங்க அம்மா அந்தப் பெண்கள்ல ஒருத்தர். அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம், அப்போ 19 வயசு. வாடகை சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டு, விழுந்து, முழங்கை தேய்ஞ்சு கத்துக்கிட்டாங்க. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இது"ன்னு அம்மாச்சி திட்டினாங்களாம். "முதல் தடவை தனியா மெயின் ரோட்டுக்கு வந்தப்போ எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "யாரையும் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லைன்னு இருந்துச்சு."

அது வரைக்கும் பஸ்ஸுக்குப் போகணும்னா அண்ணன் வரணும், தம்பி வரணும். அப்பாவுக்கு நேரம் இருக்கணும். எங்க போறோம், எதுக்குப் போறோம்னு எல்லாருக்கும் சொல்லணும். சைக்கிள் வந்ததும் அந்த அனுமதிச் சங்கிலி அறுந்துச்சு. அதுக்கப்புறம் டீச்சர் டிரெய்னிங், வேலை, கல்யாணம். இன்னைக்கு டீக்கடைக்காரர் என்னை யார் பேர் சொல்லி அடையாளம் கண்டார்? "டீச்சர் பொண்ணு." அம்மா அந்தக் கேள்வியோட பதிலையே மாத்தியிருக்காங்க, ஊரை விட்டுப் போகாமலே.

போறதா, இருக்கிறதா?

இன்னைக்குச் சின்ன ஊர் இளைஞர்களுக்குக் கிளம்புறதுதான் பழக்கம். பன்னிரண்டாவது முடிச்சா திருச்சி, கோயம்புத்தூர், சென்னை. திரும்பி வர்றது பொங்கலுக்கும் ஜல்லிக்கட்டுக்கும். ஊர்லயே சில விஷயங்கள் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. 2017-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. திருக்கோகர்ணத்துல ஞானாலயா இருக்கு. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதிங்கிற ஆசிரியத் தம்பதி தங்களோட சொந்தச் சம்பாத்தியத்துல கட்டின ஆய்வு நூலகம். லட்சம் புத்தகத்துக்கு மேல, அரிய முதல் பதிப்புகளோட. சென்னையில இருந்தெல்லாம் ஆராய்ச்சிக்கு அங்க பஸ் ஏறி வர்றாங்க. எதுக்காக மத்தவங்க நம்ம ஊருக்கு பஸ் ஏறுறாங்களோ, அந்த அளவுக்கு நம்ம ஊர் பெருசுன்னும் சொல்லலாம் இல்லையா?

ஊருக்கே திரும்பிடலாமான்னு நானும் யோசிக்கிறேன். வீட்டுல இருந்தே வேலை பார்க்க எங்க கம்பெனி ஒத்துக்கும். ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால போன மாசம் அந்த டீயைக் குடிச்சுட்டு நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அண்ணன் இப்பவும் இருக்கார். அந்தத் தாள் இப்போ வாட்ஸ்அப் குரூப் ஆயிடுச்சு. தண்ணி வராத நாள், கரண்ட் கட், ரத்தம் வேணும்னு எல்லாம் அதுலதான் வரும். நாற்பது வீட்டுக்கு மேல இருக்கு. தோழி வீட்டுத் தெருவுல இருந்து ஒருத்தரும் இல்லை.

"அண்ணே, பின்தெருவையும் சேர்த்துக்கலாமே"ன்னு கேட்டேன். என்ன சொல்வாரோன்னு பயந்துக்கிட்டுத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியை மேல தூக்கிட்டு, "நம்பர் இல்லையேம்மா. வாங்கிக் கொடு, போட்டுடுறேன்"னார்.

அவ்வளவுதான். புயல் அடிச்சு இத்தனை வருஷத்துல அதை யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

அன்னைக்குச் சாயங்காலமே தோழிக்குப் போன் பண்ணேன். அவ முதல்ல சிரிச்சா. அப்புறம், "எங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன், அவங்களுக்கு இஷ்டம்னா மட்டும்"னா. அதுவும் நியாயம்தான். பட்டியல்ல சேர்க்கிறது நம்ம கையில மட்டும் இல்லையே. அடுத்த வாரம் ஆறு நம்பர் அனுப்பினா. சேர்த்தாச்சு. இதனால ஊர் மாறிடுச்சுன்னு நான் சொல்லலை. குரூப்ல ரெண்டு பேர் வெளியேறினாங்க, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். அண்ணன் அவங்களைத் திரும்பக் கூப்பிடலை.

உங்க ஊர்ல இப்படி ஒரு பட்டியல் இருக்கா? அதுல யார் வீடு இல்லை? ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதையெல்லாம் சேர்த்துப் பேசலாம். அதுவரைக்கும், வணக்கம்.